இருநூற்று நாற்பது முட்டையும் ஒரு திருகும்

இல்ல மின்னொழுக்க வாரியத்தைப் பற்றி யாரும் தவறாகப் பேசிவிட முடியாது. பேசுவதானால் படிவம் ஏழில் பேச வேண்டும். அதை மூன்று நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கும் மெஷின் பழுதாகி இரண்டு வருடமாகிறது. வீடுகளுக்குள் மின்சாரம் ஒழுக்கமாக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஏற்பட்ட வாரியம் அது. தலைமை அலுவலகம் விழுப்புரத்தில், கிளை திண்டிவனத்தில். போன வருடம் விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாக வந்து, வாசல் சுவரில் மீட்டருக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மாட்டி, அதற்குள், கோளாறு என்றால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற ஒரு டிரிப்பரை வைத்து, மூடி, கம்பி கோத்து, ஈய முத்திரையை நசுக்கிவிட்டுப் போனார்கள். டிரிப்பரின் குமிழ் மட்டும் ஓர் ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தால் தூக்கிவிடலாம். அதற்கு மேல் அந்தப் பெட்டியில் வீட்டுக்காரர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

இந்தப் பெட்டி மாட்டப்பட்ட வீடுகளில் ஒன்று இருதயமேரியுடையது. கரும்பு வெட்டவும் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் போய்வந்துகொண்டிருந்தவள், இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் வீட்டிலேயே ஏதாவது செய்யலாம் என்று யோசித்து, குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றை வாங்கினாள். தெர்மோகோல் பெட்டி, உள்ளே நாலு பல்பு, ஒரு குட்டி ஃபேன். கோழி உட்கார்ந்து செய்கிற வேலையை அது இருபத்தொரு நாள் நின்றுகொண்டே செய்யும். தெருப் பெண்கள் நாட்டுக்கோழி முட்டைகளாகப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பொரிவதில் பாதி அவர்களுக்கு, பாதி இவளுக்கு. யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் பேரின் முதல் எழுத்து. எதிர்வீட்டுச் சின்னபொண்ணு மட்டும் முழுப் பேரும் எழுதி, கீழே வீட்டு நம்பரும் எழுதியிருந்தாள். மொத்தம் இருநூற்று நாற்பது முட்டை. அத்தனையும் ஊரார் முட்டை. சூடு விட்டுப்போய்க் கூமுட்டையானால் இருதயமேரி அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

மூன்றாம் நாள் காலை டிரிப்பர் விழுந்தது. தூக்கிவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. சோறு வடிக்கும்போது விழும், குளிக்கப் போனால் விழும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் முழங்காலிட்டதும் சின்னபொண்ணிடமிருந்து போன் வரும். விழுந்த ஒவ்வொரு முறையும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஐந்தாம் நாள் ஊர் ஒயர்மேன் நெடுஞ்செழியனைக் கூப்பிட்டாள். அவன் வந்து ஃப்ரிட்ஜைக் கழற்றினான், ஃபேனை நிறுத்தினான், டிவி ஒயரைப் பிடுங்கினான். முட்டைப் பெட்டி மட்டும்தான் ஓடியது. அப்போதும் டிரிப்பர் விழுந்தது. சாம்பல் பெட்டி மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். குனிந்து மோந்து பார்த்தான்.

"லோடு ஒண்ணும் இல்லக்கா. உள்ளாற டிரிப்பர்ல ஒயரு மாட்டுற ஸ்க்ரூ லூசா இருக்குது. லூசா இருந்தா அந்த எடம் சூடாவும். அந்தச் சூடு ஏறி டிரிப்பர் வுழுவுது. அது அதோட வேலயத்தான் செய்யுது. இப்படியே வுட்டா ஒயரு கருகி, ஒருநா பத்திக்கினு எரியும்."

"அப்ப முடுக்கு."

"முடுக்கலாம், அரை சுத்துதான். முத்திரைய எவன் உடைக்கறது? போன மாசம் கண்டமங்கலத்துல ஒருத்தரு ஒட்டடை அடிக்கும்போது தொடப்பம் பட்டு முத்திரை அறுந்துபோச்சு. ஆளையும் தொடப்பத்தையும் சேத்து இட்டுக்கினு போயிட்டாங்க."

"அய்யோ பாவம். வந்துட்டாரா?"

"அவரு வந்துட்டாரு. தொடப்பம் இன்னும் வரல."

அடுத்த நாள் இருதயமேரி டிரிப்பர் விழுந்தால் தூக்கிவிடச் சின்னபொண்ணைச் சாம்பல் பெட்டிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினாள். கிளை அலுவலகத்தில் குறை கேட்கும் இடத்தில் கலைப்பிரியா என்றொரு பெண் உட்கார்ந்திருந்தது. நல்ல பெண்தான். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தே வைத்திருந்தது.

"என்ன கம்ப்ளைன்ட்டும்மா?"

"பொட்டி சூடாவுதுங்க. சூடாயி டிரிப்பர் வுழுந்துடுது."

பெண் பேனாவை மூடிவிட்டது. "ரெண்டு கம்ப்ளைன்ட்ட ஒரே மூச்சுல சொல்லக் கூடாதும்மா. சூடாவறது இங்க. டிரிப் ஆவறது விழுப்புரம்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. சூட்டாலதான் வுழுவுது."

"அத நீங்க சொல்லக் கூடாது. எதனால எது ஆவுதுன்னு சொல்றதுக்குத் தனியா ஒரு பிரிவு தொடங்கப் போறாங்க. அதுவரைக்கும் ரெண்டுக்கும் சம்பந்தம் கெடையாது. சரி, சூட்ட மட்டும் சொல்லுங்க. எவ்ளோ சூடு?"

"கைய வெக்க முடியலங்க."

"யாரு கைய?"

"என் கையதாங்க."

"உங்க கை செல்லாதும்மா" என்றது கலைப்பிரியா, வருத்தத்தோடு. "அங்கீகரிக்கப்பட்ட கை வந்து வெச்சுப் பாக்கணும்."

விஷயம் இதுதான். வெப்பம் அளக்கும் கருவி ஒன்றை வாரியம் ஆறு வருடத்துக்கு முன்பே வாங்கியிருக்கிறது. விலை உயர்ந்த கருவி என்பதால் யாரும் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று ஸ்டோர் ரூமில் வைத்து முத்திரை போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஊழியர்களுக்குத் தேர்வு வைத்து, வெந்நீர், இட்லித் தட்டு, வெயிலில் நின்ற பைக் சீட்டு ஆகிய மூன்றையும் தொட்டுச் சரியாகச் சொன்ன ஒரே கையை மாவட்டம் முழுமைக்கும் அங்கீகரித்திருந்தார்கள். திருமுருகன் என்பவருடைய வலது கை. இடது கைக்கு அதிகாரம் கிடையாது. கல்யாண வீட்டில் பாயசம் கொட்டிக்கொண்டதில் அந்த வலது கை மருத்துவ விடுப்பில் இருந்தது. கையில்லாத நேரத்தில் மற்ற உடம்பு என்ன செய்யும் என்று அவரும் கூடவே விடுப்பில் இருந்தார்.

"ஆறு நாள்ல வந்துடுவாரு" என்றது கலைப்பிரியா. "நீங்க அதுக்குள்ள விழுப்புரம் போயி டிரிப் ஆவறதச் சொல்லிட்டு வந்துடுங்க. ஆனா அங்க போயி சூடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பேஜாராயிடும்."

ஏழாம் நாள் விழுப்புரம். தலைமை ஒழுக்க அலுவலர் அரங்கநாதனின் அறைக்குள் போனதும் இருதயமேரி கொஞ்சம் மிரண்டுபோனாள். நாலு சுவரிலும் போட்டோ. எல்லாப் போட்டோவிலும் அரங்கநாதன் ஒரு ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தார். குடிநீர்க் குழாய்க்கு ரிப்பன், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ரிப்பன், புது நாற்காலிக்கு ரிப்பன், ஒன்றில் வெறும் கதவுக்கு ரிப்பன். கண்ணாடி அலமாரியில் வெட்டிய கத்தரிக்கோல்களைத் தேதி ஒட்டி அடுக்கியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு இருந்ததாகப் பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது.

"டிரிப்பர் வுழுவுதுங்க சார்" என்றாள். சூடு என்ற வார்த்தையைக் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டாள்.

"எத்தனை முறை?"

எண்ணி வைத்தது நல்லதாகப் போயிற்று என்று அவளுக்குச் சந்தோஷம். "அறுவத்தி மூணு சார்."

அரங்கநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பேசினால் மேடையில் பேசுவதுபோலத்தான் பேசுவார், எதிரே ஒருவர் இருந்தாலும்.

"அம்மா, ஒரு வீட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு? மேலே இருப்பவர்களுக்கு உண்டு. எங்களுக்கு உண்டு. நாங்கள் நிறுத்தினால் அதற்கு ஓர் ஆணை இருக்கும், ஒரு தேதி இருக்கும். காரணம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முறை இருக்கும். உங்கள் வீட்டு டிரிப்பர் எந்த ஆணையும் இல்லாமல், யாரையும் கேட்காமல், அறுபத்து மூன்று முறை மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. நானே இந்தப் பதவிக்கு வந்து நாலு வருடத்தில் இருபது முறைதான் நிறுத்தியிருக்கிறேன்."

"சார், அது நீங்க மாட்டுனதுதான சார்."

"நாங்கள் மாட்டும்போது அது நல்ல டிரிப்பராகத்தான் இருந்தது. உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு யாரோடு சேர்ந்து கெட்டதோ."

"ஒரே ஒரு ஸ்க்ரூ சார். அரை சுத்து. எங்க ஒயர்மேன் முடுக்கிடுவான். நீங்க முத்திரைய மட்டும் எடுக்கச் சொன்னீங்கன்னா…"

"முத்திரையை எடுப்பதா? இந்த வாரியம் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. இதுவரை நாங்கள் போட்ட பெட்டியில் ஒரு பழுதுகூடக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. எப்படி? திறந்து பார்த்ததே இல்லை. திறந்து பார்க்க ஆரம்பித்தால் இந்தச் சாதனை என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?"

அவள் யோசிக்கவில்லைதான். முட்டையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். டிரிப்பரின் சார்பில் பதினைந்து நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும் என்று ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள். பக்கத்தில் நின்றவர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸைக் காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் அங்கீகரிக்கப்பட்ட கை வந்தது. கூடவே ஒன்பது பேர், ஒரு பேனர், ஒரு ஷாமியானா. சாம்பல் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு, ஆய்வு பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள். எட்டு மணிக்கே மெயினை அணைத்துவிட்டார்கள்.

"ஏங்க நிறுத்துறீங்க, முட்டை இருக்குதுங்க" என்று இருதயமேரி குறுக்கே வந்து நின்றாள்.

"பாதுகாப்பு விதிம்மா" என்றார் திருமுருகன். மென்மையான மனிதர். "ஓடிக்கினு இருக்கற பொட்டி மேல கைய வெச்சா சூடு பட்டுடும் இல்ல. ரெண்டு மணி நேரம் ஆறவுட்டுத்தான் சூட்டப் பாக்கணும்."

இவர்களோடு வாதாடினால் முட்டை செத்துப்போகும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. தெருவில் இறங்கிக் கூப்பிட்டாள். நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். இருபத்திரண்டு பேர் உள்ளே சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்குப் பத்துப் பதினொன்று முட்டையை மடியில் வாங்கி, முந்தானையால் மூடி, மேலே போர்வையைப் போட்டுக்கொண்டார்கள். சின்னபொண்ணு தன் பேர் எழுதிய முட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். யாரும் இருமவில்லை, யாரும் கால் மாற்றவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்குத் திருமுருகன் எழுந்தார். கையை எல்லோருக்கும் காட்டினார். பிறகு முழங்கை வரைக்கும் வருகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார். அதுவும் விதிதான். பெட்டி மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார்.

"சூடு எதுவும் உணரப்படவில்லை" என்று அறிவித்தார். கூட வந்தவர் எழுதிக்கொண்டார்.

எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை டிரிப்பர் ஒருமுறைகூட விழவில்லை என்பதையும் எழுதிக்கொண்டார்கள். மின்சாரம் இல்லாதபோது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அதன் உண்மையான குணமாம். டீ குடித்துவிட்டு, மெயினைப் போட்டுவிட்டுப் போனார்கள். வேன் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் டிரிப்பர் விழுந்துவிட்டது.

மடியில் இருந்த முட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்பது போயிருந்தது. இருதயமேரி ஒவ்வொன்றிலும் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தாள்.

பதினேழாம் நாள் அறிக்கை வந்தது. பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது, மேல்நடவடிக்கை தேவையில்லை. நெடுஞ்செழியன் அதைப் படித்துக் காட்டிவிட்டு, சாம்பல் பெட்டி மேல் தண்ணீர்ச் சொட்டு ஒன்றை விட்டுப் பார்த்தான். சொய்ங் என்றது. மூடியின் ஓரம் பழுப்பேறி லேசாக இளகியிருந்தது.

"அக்கா, முட்டைய வுடு. வூடே போயிடும். முத்திரைய நானே உடைச்சிடறேன். புடிச்சிக்கினு போனா போவட்டும்."

"உன்னயும் இட்டுக்கினு போயிட்டா அப்புறம் ஸ்க்ரூவ யாரு முடுக்கறது?" என்றாள் இருதயமேரி. அவள் கண் அறிக்கையில் இல்லை. விழுப்புரத்து அறையின் நாலு சுவரும் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. "அந்த ஆளு வெறுங் கதவுக்கே ரிப்பன் வெட்டுனவரு இல்ல?" என்றாள்.

பதினெட்டாம் நாள் காலை அவளும் சின்னபொண்ணும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சால்வை வைத்து எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனார்கள்.

"சார், எங்க வூட்டுப் பொட்டி நல்லா இருக்குதுன்னு அறிக்கை வந்துடுச்சுங்க. தெருவுல எல்லாருக்கும் பெரும சார். ஒரு தொறப்பு விழா வெச்சிருக்கறோம். நீங்கதான் வந்து தொறக்கணும்."

அரங்கநாதன் சால்வையைப் பார்த்தார். "எதைத் திறப்பது?"

"பொட்டியத்தான் சார்."

"அது முத்திரை போட்ட பெட்டியாயிற்றே."

"அதான் சார். வேற யாரு தொறந்தாலும் குத்தம். நீங்க தொறந்தா விழா."

அவர் கத்தரிக்கோல் அலமாரியைப் பார்த்தார். பதினோரு வருடச் சாதனை ஒரு பக்கமும், நூற்றுப் பதிமூன்றாவது கத்தரிக்கோல் இன்னொரு பக்கமும் அவருக்குள் நின்றிருக்க வேண்டும். "ரிப்பன் என்ன கலர்?" என்று கேட்டார்.

இருபத்தொன்றாம் நாள். தெருவில் ஷாமியானா போட்டுத் தோரணமும் கட்டியாகிவிட்டது. பேனரில் அரங்கநாதனின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. மைக் செட்டுக்கு ஒயர் இருதயமேரி வீட்டிலிருந்துதான். பெட்டியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். அதை நெடுஞ்செழியன்தான் கட்டினான். முத்திரைக் கம்பிக்குள்ளேயே நுழைத்து, கம்பியும் ரிப்பனும் பிரித்தறிய முடியாதபடி முறுக்கி, மேலே ஒரு பூ வைத்தான். உள்ளே முட்டைப் பெட்டியில் நேற்று சாயந்தரத்திலிருந்தே நாலைந்து ஓட்டில் விரிசல். கடைசி நாள் சூடுதான் முக்கியம். அன்று காலையில் மட்டும் டிரிப்பர் ஏழு முறை விழுந்திருந்தது.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. மாலை போட்டார்கள். பெட்டிக்குள் கரண்டு இல்லாமல் இருக்க, நெடுஞ்செழியன் மீட்டருக்கு மேலிருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கத்தரிக்கோல் தட்டில் வந்தது. அரங்கநாதன் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெட்டினார். ரிப்பன் விழுந்தது. கூடவே ஈய முத்திரையும் விழுந்து உருண்டு போயிற்று. பெண்கள் குலவையிட்டதில் அது விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"இப்ப மூடியத் தொறங்க சார்" என்றாள் சின்னபொண்ணு. திறந்தார். உள்ளேயிருந்து கருகிய நெடி வந்தது. "ஊதுவத்திங்க சார்" என்று சொல்லி அவரை இந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி, இருபத்திரண்டு பெண்களும் ஒருவர் பின் ஒருவராகச் சால்வை போர்த்தினார்கள். அவர் முகம் சால்வைக்குள் மறைகிற வரைக்கும் போர்த்தினார்கள். அதற்குள் நெடுஞ்செழியன் கருகிய ஒயரின் நுனியை நறுக்கி, சீவி, திருகுக்கடியில் புதிதாகச் செருகிவிட்டான்.

"சார், முதல் திருகு நீங்கதான் முடுக்கணும்" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தட்டில் வைத்து நீட்டினான். அடிக்கல் நாட்டும் பழக்கம் உள்ளவர் என்பதால் அரங்கநாதனுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. வாங்கி வைத்து, போட்டோவுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு, முடுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் சார். இன்னும் கொஞ்சம். போதும் சார்."

அரை சுற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நெடுஞ்செழியன் ஃபியூஸ் கட்டையைச் செருகினான். மைக் உயிர்பெற்று ஒருமுறை கீச்சிட்டது. இருதயமேரி வீட்டுக்குள் ஓடினாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று அரங்கநாதன் ஆரம்பித்தார். "இந்த வாரியம் எதைச் செய்யவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். நான் பெருமையோடு பட்டியலிடுகிறேன்…"

பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. அது நாற்பதாவது நிமிடத்தை எட்டியபோது வீட்டுக்குள் முதல் குஞ்சு ஓட்டை உதறிக்கொண்டு வெளியே வந்தது. ஈரமாக, கோணலாக, கத்திக்கொண்டு. ஓட்டில் சின்னபொண்ணுவின் வீட்டு நம்பர் பாதி தெரிந்தது. இருதயமேரி ஜன்னல் வழியாக அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள். சின்னபொண்ணு எழுந்து வந்தாள். அவளைப் பார்த்து வேறொருத்தி வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஷாமியானாவுக்குக் கீழே காலி நாற்காலிகளும் வாரியத்து ஆட்களும்தான் இருந்தார்கள். திருமுருகன் மட்டும் கையுறையோடு கைதட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் அத்தனை பேரும் முட்டைப் பெட்டியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்று, இன்னொன்று, அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல். இருதயமேரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

இரண்டு மணி நேரமாயிற்று. டிரிப்பர் விழவில்லை. நெடுஞ்செழியன் போய்ச் சாம்பல் பெட்டி மேல் கையை வைத்து, எடுக்காமலே வைத்துக்கொண்டு நின்றான். வெளியே அரங்கநாதன் வாரியத்தின் நாலாவது வருடத்துக்கு வந்திருந்தார்.

"யம்மா, காது போவுது" என்றாள் சின்னபொண்ணு. "இத்தினி நாளு வுழுந்துக்கினு கெடந்துச்சே, இப்ப ஒருக்கா வுழக் கூடாதா அந்த டிரிப்பரு? நான் போயி அந்த மைக்கு ஒயரயாவது புடுங்கிட்டு வர்றேன்."

இருதயமேரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் முட்டைகளை விட்டு நகரவில்லை.

"கம்முனு இரு. இன்னும் நூத்தி அறுவது முட்டை கெடக்குது. அந்தாளு கொரலு கேக்கற வரைக்கும் கரண்டு இருக்குது. பேசட்டும்."